சென்னைக்குள் வேலைக்குப் போய்வர உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடுவாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு நுங்கம்பாக்கத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், புறநகரில் மனையோ வீடோ பார்க்கத் தொடங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது, “அங்கிருந்து ஆபீஸ் போக எவ்வளவு நேரம் ஆகிறது?” என்பதைத்தான். அந்தக் கேள்விகளையும், ஒவ்வொரு முறையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

“ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம், கிண்டிக்கு 30 நிமிடம்” என்று வீட்டு விளம்பரங்களில் போடுகிறார்களே, நம்பலாமா?

அந்த 5 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் காலிச் சாலையில் இருசக்கர வாகனத்தில் போனால் ஆகக்கூடியது. வண்டியை எங்கே நிறுத்துவது, நடைமேம்பாலத்தில் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும், அடுத்த ரயில் எப்போது என்பவை எதுவும் அதில் சேரவில்லை. “கூப்பிடு தூரம்” என்று எழுதுபவர்கள் யாருடைய தொண்டையை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிண்டிக்கு 30 நிமிடம் என்பது ரயில் ஓடும் நேரமாக வேண்டுமானால் இருக்கலாம். அது நீங்கள் பயணம் செய்யும் நேரமாகாது.

அப்படியானால் எங்கிருந்து எதுவரை கணக்கிட வேண்டும்?

வீட்டுக் கதவைப் பூட்டும் நொடியிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் நொடி வரை. என்னுடைய சாதாரண நாள் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். வீட்டிலிருந்து நிலையத்தின் டூ வீலர் ஸ்டாண்டுக்கு 9 நிமிடம். வண்டியை நிறுத்தி, மேம்பாலம் ஏறி நடைமேடைக்கு வர 7 நிமிடம். ரயிலுக்குக் காத்திருக்க 8 நிமிடம். கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் வரை ரயிலில் 58 நிமிடம். இறங்கிக் கூட்டத்தோடு வெளியேறி அலுவலகம் வரை நடக்க 11 நிமிடம். மொத்தம் 93. ரயில் ஓடும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு “ஒரு மணி நேரம்தானே” என்று வீடு வாங்கியவன் நான். ஒவ்வொரு நாளும் மீதமுள்ள 35 நிமிடத்தைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் சேர்த்துச் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சராசரியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஒரு முறை தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு நேரத்தைக் குறித்து வைத்தேன். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 88, 90, 91, 92, 93, 95, 95, 98, 104, 131 நிமிடங்கள். சராசரி ஏறக்குறைய 98. ஆனால் 98 நிமிடம் முன்னதாகக் கிளம்புவதை வழக்கமாக்கிக்கொண்டால், பத்து நாளில் இரண்டு நாள் தாமதமாகப் போய் மேலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பத்தில் ஒன்பது நாள் சரியாகப் போய்ச் சேர 105 நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பதே எனக்கு உண்மையான கணக்கு. அந்த 131 நிமிட நாளில் ரயில் பல்லாவரத்துக்கு முன் அசையாமல் நின்றது. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தக் கணக்கும் உதவாது, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதுதான் வழி.

தாம்பரத்துக்கு உள்ளே இருப்பதற்கும் அதைத் தாண்டி இருப்பதற்கும் அவ்வளவு வித்தியாசமா?

தாம்பரத்தை அடுத்துள்ள நிலையங்கள் வரை தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் தாம்பரத்தை அடுத்து வரிசையாக வரும் நிலையங்கள். வித்தியாசம் ரயில்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில்தான். இன்றும் பெரும்பகுதி வண்டிகள் தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. தாம்பரத்தில் இருப்பவர் நேரம் பார்க்காமலே நிலையத்துக்குப் போகலாம். ஊரப்பாக்கத்தில் இருப்பவர் கால அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த செங்கல்பட்டு வண்டி வரும்வரை நிற்க வேண்டும்.

தண்டவாளமும் ஒரு காரணம். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையில் புறநகர் ரயில்களுக்கென்று தனித் தடங்கள் இருக்கின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே தடங்களின் எண்ணிக்கை குறைகிறது. அதே காலை நேரத்தில்தான் தென் மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த விரைவு ரயில்களும் நகருக்குள் நுழைகின்றன. அவற்றில் ஒன்று தாமதமானால், நம்முடைய லோக்கல் வண்டி அதற்கு வழிவிட்டு எங்காவது ஓரிடத்தில் நிற்கும்.

மாலைப் பயணம் காலையைவிட நீளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கூடுவாஞ்சேரியில் ஏறும்போது நிற்கவாவது வசதியான இடம் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு நுங்கம்பாக்கத்தில் செங்கல்பட்டு வண்டி வரும்போது படிக்கட்டில்கூட இடமிருக்காது. ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பதா, தாம்பரம் வண்டியில் ஏறி அங்கே மாறுவதா என்று நடைமேடையில் நின்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு மாலையில் 110 நிமிடத்துக்குக் குறைந்த நாள்கள் அபூர்வம்.

பாஸ்ட் லோக்கலில் போனால் நேரம் பாதியாகக் குறையாதா?

குறையாது. சில நிலையங்களில் நிற்காமல் போவதால் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகலாம். ஆனால் உங்களுடைய நிலையத்தில் அது நிற்குமா என்பதை முதலில் பாருங்கள்; நிற்காவிட்டால் அதைவிட்டு இறங்கி சாதாரண லோக்கலுக்கு மாற வேண்டும், மிச்சமான நேரம் அங்கேயே போய்விடும். பாஸ்ட் வண்டிகள் சில நேரங்களில் மட்டுமே இருப்பதால், அலுவலக நேரத்தோடு அவை பொருந்துவது பாதி அதிர்ஷ்டம்.

ஏசி மின்சார ரயில் வந்திருக்கிறதே?

2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் விடப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நேரம் பெரிதாகக் குறைவதில்லை, வியர்வை குறைகிறது. அலுவலகத்தில் போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவி ஆசுவாசப்படுத்திக்கொள்ள ஆகும் பத்து நிமிடத்தையும் பயணத்தில் சேர்த்துக் கணக்கிடுபவர்களுக்கு அது நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது என்றே சொல்லலாம்.

ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் எப்படி?

மேற்குத் தடத்தில் ரயில் ஓடும் வேகம் பரவாயில்லை. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அரக்கோணம் 69 கிலோமீட்டர், அரக்கோணத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தடத்தின் சிக்கல் அது முடியும் இடம். வண்டி சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் உங்களை இறக்கிவிடும். அங்கிருந்து தாம்பரம் தடத்திலுள்ள பூங்கா நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ சுரங்கப்பாதை வழியாகக் கூட்டத்தோடு நகர்ந்து போவதற்கே பத்து நிமிடம் வேண்டும். அலுவலகம் சென்ட்ரலைச் சுற்றியோ பாரிமுனையிலோ இருந்தால் மேற்குத் தடம் மிக நல்ல தேர்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் அதைவிடவும் நல்லது. கிண்டியிலோ தரமணியிலோ வேலை என்றால், ஆவடியில் கிடைக்கும் வாடகைக் குறைவை மாற்று ரயிலுக்கு அலைவதில் கொடுத்துத் தீர்ப்பீர்கள். சில வண்டிகள் சென்ட்ரலுக்கு வராமல் ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் என்பதையும் புதிதாக வருபவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவசரத்தில் மாறி ஏறியவர்கள் பலர்.

வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 48 கிலோமீட்டர். விஜயவாடா மார்க்கத்து விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் அந்த வழியில்தான் போகின்றன என்பதால், அட்டவணையில் உள்ள நேரத்தோடு கால் மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர் வரை மட்டும் கதை வேறு: 2021 பிப்ரவரியில் மெட்ரோ அங்கு நீட்டிக்கப்பட்ட பிறகு, வடசென்னையிலிருந்து அண்ணா சாலைக்கு வருவது சென்னையின் மிகவும் நம்பகமான பயணங்களில் ஒன்றாகிவிட்டது.

அலுவலகம் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) இருக்கிறது. எங்கே வீடு பார்க்கலாம்?

இந்தப் பக்கத்தில் மிக நீளமான பதிலை இதற்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நகரில் புதிதாக உருவான வேலைகளில் பெரும்பகுதி அந்தச் சாலையில் இருக்கிறது. அங்கே போக நேரடி ரயில் இல்லை. தரமணியில் டைடல் பார்க் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை வந்தது. அலுவலகங்கள் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று தெற்கே நகர்ந்துகொண்டே போயின. ரயில் மட்டும் கூடவே போகவில்லை.

பறக்கும் ரயில் (தூண்கள் மேல் அமைந்த பாதையில் ஓடும் மின்சார ரயில்) திருவான்மியூர், தரமணி, பெருங்குடி வழியாக வேளச்சேரிக்குப் போகிறது. டைடல் பார்க்கையோ அதைச் சுற்றியுள்ள அலுவலகங்களையோ சேர்ந்தவர் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ குடியிருந்தால், திருவான்மியூரில் இறங்கி நடந்தே போய்விடலாம். வாசலிலிருந்து நாற்காலி வரை முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சோழிங்கநல்லூர் என்றால் பறக்கும் ரயிலிலிருந்து இறங்கிய பிறகு பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும், சாலை நெரிசல் அங்கிருந்துதான் ஆரம்பமாகும்.

பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்திலிருந்து ஓ.எம்.ஆருக்குப் போக மூன்று குறுக்கு வழிகள்: பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. வரைபடத்தில் மூன்றும் 20 கிலோமீட்டருக்குள்தான் தெரியும். காலை எட்டரை மணிக்கு மேடவாக்கம் சந்திப்பில் நின்று பார்த்தால் அந்தக் கிலோமீட்டர்களுக்கு என்ன விலை என்பது புரியும். என் அத்தை மகன் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குக் காரில் போய்வந்தான். காலை ஏழேகாலுக்குக் கிளம்பினால் 40 நிமிடம், எட்டேகாலுக்குக் கிளம்பினால் 75 நிமிடம் என்று அவனே கண்டுபிடித்து, ஏழேகாலுக்கே கிளம்பிப் போய் அலுவலகத்தில் காலை உணவு சாப்பிடும் வழக்கத்துக்கு மாறிவிட்டான். அலுவலக நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு இதைவிட மலிவான தீர்வு இல்லை.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடமும், மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் கட்டப்பட்டு வருகின்றன. இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களும் சேர்ந்து ஏறக்குறைய 119 கிலோமீட்டர். அவை முழுமையாக ஓடத் தொடங்கினால் இந்தப் பதிலை நான் முழுவதும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதுவரை, வரப்போகும் மெட்ரோவை நம்பி இன்றைக்கு வீடு பார்ப்பவர்களிடம் நான் சொல்வது, கட்டுமானத் தடுப்புகளுக்கு இடையே போகும் இன்றைய நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்க முடியுமானால் மட்டும் முன்பணம் கொடுங்கள் என்பதே.

இப்போது ஓடும் மெட்ரோவால் புறநகரில் இருப்பவருக்கு என்ன பயன்?

முதல் கட்ட மெட்ரோ, 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய 54 கிலோமீட்டர். அதன் பெரிய பலம் வேகத்தைவிட நிச்சயம்தான்: பத்து நாளில் ஒன்பது நாள் என்று நான் சொன்ன கணக்கு மெட்ரோவில் கிட்டத்தட்ட சராசரியோடு ஒட்டியே இருக்கும்.

எங்கே மாறுவது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருபவர் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போக வேண்டுமானால் பரங்கிமலையில் மாறலாம். தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. போக வேண்டுமானால் கிண்டியில் மாறலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எட்டிலிருந்து பத்து நிமிடம் வையுங்கள்: படிகள், பாதுகாப்புச் சோதனை, அடுத்த வண்டிக்கான காத்திருப்பு எல்லாம் சேர்ந்து. மாறும் இடம் ஒன்றுதான் என்றால் நல்லது. இரண்டு என்றால் வேறு வழி தேடுங்கள். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்க 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்திருப்பதால், சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும் நேரமாவது குறைந்திருக்கிறது.

மாநகரப் பேருந்தை மட்டும் நம்பலாமா?

10 கிலோமீட்டருக்குள் என்றால் நம்பலாம். அதற்கு மேல் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பணத்தைப் பொறுத்தவரை பேருந்தை விஞ்ச எதுவுமில்லை: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் ஏசி அல்லாத பேருந்துகளில் விருப்பம்போல் பயணிக்கலாம். ஆனால் ரயில் நிலையத்தையும் பேருந்தையும் இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கே அதிகப் பயன். மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையை நினைத்துப் பாருங்கள்: அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், அதற்கு முன் அந்தத் தூரத்தை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்திக் கடக்க வேண்டியிருந்தது.

சொந்த வண்டியில் போனால்?

காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருசக்கர வாகனத்தை எதுவும் வெல்லாது. அதற்கு மேல் உடம்பு கேட்காது, மழையும் வெயிலும் கேட்காது. கார் என்றால் நுங்கம்பாக்கம், தி.நகர் போன்ற இடங்களில் நிறுத்த இடம் தேடும் பத்து நிமிடத்தைக் கைப்பேசி வரைபடம் ஒருபோதும் காட்டுவதில்லை. அலுவலகத்தில் நிறுத்துமிடம் உறுதியாக இருந்தால் மட்டும் காரைக் கணக்கில் எடுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டுமா?

வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பலத்த மழை நாளில் சாலைப் பயணம் ஒன்றரை மடங்காவது சாதாரணம். துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவற்றில் நீர் தேங்கி மூடிவிட்டால் சுற்றிப் போக வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில் பெரும்பாலும் ஓடும், மெதுவாக ஓடும். வீடு பார்க்கும்போது ஒரு மழை நாளில் போய்ப் பார்ப்பது, நேரத்துக்கு மட்டுமல்லாமல் அந்தத் தெருவின் தரைமட்டத்துக்கும் நல்ல சோதனை.

இரவுப் பணி முடிந்து திரும்புவது?

இரவு ஒன்பதுக்கு மேல் மின்சார ரயில்களின் இடைவெளி நீளும், நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோக்களும் குறையும். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிகிறது. பெண்கள் இரவில் தனியாக வர வேண்டிய வேலையாக இருந்தால், நிலையத்திலிருந்து வீடு நடக்கக்கூடிய தூரத்தில், விளக்கு எரியும் தெருவில் இருக்கிறதா என்பதை வாடகையைவிட முதலில் பாருங்கள்.

வீடு மாறுவதற்கு முன் நானே எப்படிச் சோதிப்பது?

ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்து வைத்திருக்கும் வீட்டு வாசலில் காலை ஏழரைக்கு நின்று, அங்கிருந்து அலுவலகம் வரை போய்ப் பாருங்கள்; மாலை ஆறு மணிக்கு அலுவலக வாசலிலிருந்து அதே வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். இதே சோதனையை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் மீண்டும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டைக் காட்டும் தரகர் காரில் அழைத்துப்போக முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். டூ வீலர் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு மேல் இடம் கிடைக்குமா என்பதை அங்கே சீட்டு கிழிப்பவரிடம் கேளுங்கள். அந்தப் பகுதியின் பயண நேரத்தைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை.

பண்டிகை நாட்களில்?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு மூன்று நாட்கள், மாலையில் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகும் எல்லோரும் பெருங்களத்தூருக்கும் பரனூர் சுங்கச்சாவடிக்கும் இடையில் இருப்பார்கள். வெளியூர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு நெரிசல் கோயம்பேட்டிலிருந்து வண்டலூர் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் அதே கூட்டம் எதிர்த்திசையில் நகருக்குள் வரும். அன்று மின்சார ரயிலைத் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வரும் கூட்டத்தால் சாலையைக் கடப்பதற்கே பொறுமை வேண்டும். அன்றைக்கு அலுவலகம் இருக்கும் துரதிர்ஷ்டசாலிகள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவது வழக்கம். நானும் இரண்டு முறை அப்படிக் கிளம்பி, பூட்டியிருந்த அலுவலகக் கதவுக்கு வெளியே காவலாளியோடு தேநீர் குடித்திருக்கிறேன்.